கற்கண்டுக்கு ஒரு சொல்

எலாமான் முதன்முதலாக வாய் திறந்து "ப்பா" என்று சொன்னபோது, அவனைப் பெற்ற ஜிர்கால் ஊரிலேயே இல்லை. வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைநகர் பிஷ்கெக் போகும் கணவாயில் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டிருந்தான். பிள்ளை யாரைப் பார்த்துச் சொன்னான் என்றால், ஷார்ஷென் கிழவரைப் பார்த்து. ஷார்ஷென், ஜிர்காலைப் பெற்றவர். பிள்ளைக்குத் தாத்தா.

சாயங்காலம் ஜிர்கால் வேனை நிறுத்திவிட்டுக் கைகூடக் கழுவவில்லை, கிழவர் அவனை வாசலிலேயே மடக்கிக்கொண்டார்.

"தம்பி, விஷயம் தெரியுமா? பய பேசிட்டான்! நான் பாட்டுக்குக் குதிரைக்குப் புல்லு போட்டுக்கிட்டு இருக்கேன். பின்னாடி வந்து காலைக் கட்டிக்கிட்டு, 'ப்பா'ங்கறான். நல்லாத் தெளிவா. அடுத்த வீட்டுக்காரனுக்கே கேட்டிருக்கும்."

"நல்லதுண்ணே" என்றான் ஜிர்கால். முகம் சிரித்தது. வயிறு எரிந்தது.

எங்கள் கோச்கோர் ஊர்ப் பக்கத்தில் தலைப்பிள்ளை பெற்றவர்களுக்குச் சொந்தமில்லை. அது தாத்தாவின் மடிக்குப் போய்விடும். அவரை அப்பா என்று கூப்பிடும், பெற்றவனை அண்ணன் என்றும் பெற்றவளை அண்ணி என்றும் கூப்பிடும். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை, ஊருக்கே தெரிந்த வழக்கம். ஜிர்காலும் ஒரு தலைப்பிள்ளைதான். அவன் வளர்ந்தது அவனுடைய தாத்தா கசிமாலியின் மடியில். அதனால்தான் பெற்ற தகப்பனையே 'அண்ணே' என்கிறான். பல் முளைத்த காலத்திலிருந்து சொல்லி வந்த சொல், அதைப் பற்றி அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவனுக்குப் பின் ஷார்ஷெனுக்கு வேறு பிள்ளைகள் தங்கவில்லை. மனைவியும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டாள். அந்த வீட்டில் அத்தனை காலம் கழித்து ஒரு குழந்தை பிறந்தால் அது யார் மடிக்குப் போகும் என்று கேட்கவா வேண்டும்?

நாற்பதாம் நாள் பிள்ளையைக் குளிப்பாட்டி, நாற்பது வீட்டுத் துணியில் தைத்த சட்டையைக் கழற்றி, ஜிர்காலே தன் கையால் கிழவர் மடியில் வைத்தான். அன்றைக்கு அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. வாயில்லாத பிள்ளையைக் கொடுப்பது சுலபம். வாய் வந்த பிறகுதானே வினை.

அந்த 'ப்பா'வுக்குப் பிறகு எலாமானின் வாய் சும்மா இருக்கவில்லை. மாட்டுக்கு 'மோ', தண்ணீருக்கு 'தூ', குதிரைக்கு நாக்கைச் சுண்டி ஒரு சத்தம். ஒரு நாள் ஜிர்காலின் வேன் ஹாரன் கேட்டதும் ஓடி வந்து, "ண்ணே!" என்றான். வீடே கை தட்டியது. பக்கத்து வீட்டுக்காரி மதில்மேல் எட்டிப் பார்த்து, "அடடா, அண்ணனை அடையாளம் கண்டுக்கிட்டானே!" என்றாள். எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்ற அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தகப்பன் கண் எதிரில் தன் பிள்ளையைக் கொஞ்சுகிறவனை எங்கள் ஊரில் மானங்கெட்டவன் என்பார்கள். கிழவரோ நாள் முழுக்கப் பிள்ளையோடுதான் இருந்தார். கோட்டுக்குள் பிள்ளை, குதிரைமேல் பிள்ளை, சந்தையில் பிள்ளை. கிழவர் தேநீர்க் கிண்ணத்தை ஊதினால் பிள்ளையும் ஊதினான். கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடி" என்று எழுந்தால் பிள்ளையும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜிர்கால் எழுந்து போய் வேனின் டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்தான்.

"என்னங்க இது, கட்டின பொண்டாட்டியை எவனோ பார்த்த மாதிரி மூஞ்சி?" என்றாள் பெர்மெத். அவன் மனைவி. வாய்க்குப் பூட்டே கிடையாது. வயிற்றில் அடுத்தது ஆறாம் மாதம்.

"உனக்கு வலிக்கலையாடி? பெத்தவளை அண்ணிங்கறான்."

"வலிச்சா? மாமா வீட்டுக்குள்ள தனியா உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்ததை நானும்தானே பார்த்தேன். இப்ப மனுஷன் சிரிக்கிறாரு. பள்ளிக்கூடம் போறப்போ அவனுக்கே எல்லாம் புரிஞ்சிடும். அடுத்தது நமக்குத்தானே? அது அப்பா அப்பான்னு கத்தி உங்க காதைக் கிழிக்கும், இருங்க."

"எனக்கு இவன் சொல்லணும்."

"ஆமா, கிழவர்கிட்ட போட்டி. வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பொறாமைக்கு வெட்கம் ஒரு மருந்தா? மறுநாளே சந்தையில் ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கி வேனின் முன்பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். கிழவர் மதியம் கண் அயரும் நேரம் பார்த்து, வேனைக் கழுவுகிற சாக்கில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் நிறுத்துவான். ஒரு கட்டியை எடுத்துப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோவான். பிள்ளை வாயைத் திறந்ததும் வெடுக்கென்று பின்னால் இழுப்பான். இன்னொரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான்.

"அப்பா. சொல்லு."

பிள்ளை கற்கண்டைப் பார்ப்பான். இவனைப் பார்ப்பான். "ண்ணே" என்பான்.

"அண்ணன் இல்லடா. அப்பா. சொல்லு!"

"ண்ணே, தா!"

கடைசியில் அழப்போகும் உதட்டைப் பார்த்துவிட்டுக் கட்டியைக் கொடுத்துவிடுவான். இப்படிப் பொட்டலம் கரைந்ததே தவிர, பிள்ளை கரையவில்லை.

அதற்குள் கிழவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் ஜிர்கால் சீக்கிரம் திரும்பியபோது லாயத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"நீ யாரு மவன்? ஷார்ஷென் மவன். ஷார்ஷென் யாரு மவன்? கசிமாலி மவன். கசிமாலி யாரு மவன்?"

ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரைச் சொல்லத் தெரியாதவனை எங்களவர்கள் ஆளாகவே மதிக்க மாட்டார்கள். எந்தக் கிழவன் எந்தத் தெருவில் மடக்கிக் கேட்டாலும் ஒப்பிக்க வேண்டும். அந்தப் பெயர்களைத்தான் கிழவர் இப்போதே ஊட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை ஒவ்வொரு பெயருக்கும் "ப்பா" "ப்பா" என்று முத்திரை குத்திக்கொண்டிருந்தான். ஜிர்கால் லாயத்துக் கதவைப் பிடித்தபடி நின்றான். ஏழு பேரில் அவன் பெயர் இல்லை. பிள்ளையைத்தான் கொடுத்தான், தலைமுறையிலிருந்தே பெயரை அடிக்கச் சொன்னானா? அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. வேன் புகை தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டான்.

அந்த வாரம் சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். பெர்மெத்தின் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், கூடவே அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆடு அடித்தாயிற்று. வேகவைத்த தலையை வழக்கப்படி சம்பந்தியின் முன்னால் வைத்தார்கள். அவர் கத்தியை எடுத்துக் காதை அறுத்தார். காது எப்போதும் வீட்டுக் குழந்தைக்கு. எலாமான் தள்ளாடிக்கொண்டு வந்து எதிரில் நின்றான்.

"சும்மா குடுத்திருவேனா?" என்றார் சம்பந்தி, காதை உயரத் தூக்கி. "முதல்ல சொல்லு. நீ யாரு மவன்டா?"

ஜிர்கால் கதவோரம் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கை நின்றுவிட்டது. பிள்ளை திரும்பி அவனைப் பார்த்தான். பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான். ஜிர்கால் தன்னை அறியாமல் நெஞ்சைத் தொட்டான்.

பிள்ளை குடுகுடுவென்று ஓடிப்போய் ஷார்ஷெனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"ப்பா!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "ஷார்ஷென் மவன்! ஷார்ஷென் மவன்!" என்று சித்தப்பாக்கள் தொடையைத் தட்டினார்கள். கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பெத்தவன் பேரு ஏழு பேருல எங்க இருக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான் அது என்று ஜிர்காலுக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. "சொல்லுங்கண்ணே. லாயத்துல சொல்லிக் குடுத்தீங்களே. நான் செத்துட்டேனா? வேன் ஓட்டிக் கொட்டுறதுக்கு மட்டும்தான் நானா?"

சிரிப்பு அப்படியே நின்றது. சம்பந்தி கையில் காதோடு வாயைத் திறந்தபடி இருந்தார். பெர்மெத் அடுப்பங்கரை வாசலில் தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்திகள் எதிரில் ஒரு மகன் தகப்பனைக் கேட்கிற கேள்வியா இது? ஜிர்கால் தேநீர்க் கெண்டியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனான். வேனுக்குள் ஏறி உட்கார்ந்தான். எங்கே போவது? எங்கும் போக முடியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்கக் கதவு திறந்தது. கிழவர் பிள்ளையைத் தூக்கி நடு இருக்கையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறினார். திட்டப்போகிறார் என்று ஜிர்கால் காத்திருந்தான். அவர் கண்ணாடி வழியாக லாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முற்றத்துலதான்" என்றார். "நீ கசிமாலி மடியில உக்காந்துக்கிட்டு, 'நான் கசிமாலி மவன்'னு கத்துவே. வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான். கேக்கக் கேக்கக் கத்துவே. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சேணத்தைத் தோள்ல வெச்சுக்கிட்டு, அந்தக் குதிரை கட்டுற கம்பத்தோரம் நின்னு சிரிப்பேன்."

ஜிர்காலுக்கு அந்தக் கத்தல் நினைவிருந்தது. கசிமாலியின் தாடி நினைவிருந்தது. கம்பத்தோரம் நின்றவரின் முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

"உனக்குப் பின்னாடி ஒண்ணும் தங்கல. பெத்தவ உனக்கு அண்ணியாவே இருந்துட்டு மண்ணுக்குள்ள போயிட்டா. நான் அண்ணனாவே நரைச்சேன். ஒரு நாள் மூஞ்சியத் தூக்கினேனாடா? வழக்கம்னா வழக்கம்." கிழவர் மூக்கை உறிஞ்சினார். "இத்தனை வயசுக்கு மேல, இந்தப் பொடிப்பய வாயிலதான் அந்தச் சொல்லை முதல்ல கேட்டேன். இன்னும் கொஞ்சம் கேக்கலாம்னு ஆசைப்பட்டேன். உன் பேரை விட்டது தப்புதான். வேணும்னுதான் விட்டேன். போதுமா?"

ஜிர்கால் அண்ணே என்று ஆரம்பிக்கப் போனான். பாதியிலேயே விட்டுவிட்டான். உயிரோடு இருந்தவரை அந்த அம்மாவை அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுச் சோறு வாங்கித் தின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

எலாமானுக்கோ பொழுது போகவில்லை. பழகிய இடம்தானே. முன்பெட்டியை இழுத்துத் திறந்தான், துழாவினான், ஒரு கற்கண்டுக் கட்டியை எடுத்தான். ஒரு முறை நக்கிப் பார்த்தான். பிறகு அதை ஜிர்காலின் வாயருகே கொண்டுபோனான். ஜிர்கால் வாயைத் திறந்ததும் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டான். இன்னொரு கையால் கிழவரின் நெஞ்சைத் தட்டினான்.

"ப்பா" என்றான் அதிகாரமாக. "ஒல்லு!"

ஜிர்காலுக்குக் காது சிவந்தது. கிழவர் அவசரமாக முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஒல்லு!"

கணவாயில் பனியிலும் வேனை ஏற்றுகிறவனுக்கு, இரண்டெழுத்துக்கு நாக்கு புரளவில்லை. உதட்டைச் சேர்த்தான், பிரித்தான், மறுபடி சேர்த்தான். பிள்ளை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ப்பா" என்றான் ஜிர்கால்.

"என்னமோ முணுமுணுக்கிறே. காது கேக்கல" என்றார் கிழவர், திரும்பாமலே.

"அப்பா."

பிள்ளை கற்கண்டை அவன் வாய்க்குள் திணித்தான். கிழவர் தொப்பியைக் கழற்றினார், முகத்தை அதில் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பிள்ளையை இழுத்து ஜிர்காலின் பக்கம் திருப்பினார்.

"டேய் பொடியா. இப்ப உன் முறை. இவரு யாரு? இவரும் அப்பாதான். எங்க, சொல்லு பார்ப்போம்."

எலாமான் ஜிர்காலை மேலும் கீழும் பார்த்தான்.

"ண்ணே" என்றான், சந்தேகமே இல்லாமல்.

ஜிர்காலுக்கு வயிறு எரியத்தான் செய்தது. பொய் சொல்வானேன்? கிழவர் பதறிப்போய், "இல்லடா, நல்லாப் பார்த்துச் சொல்லு, அப்பா, அப்பா" என்று பிள்ளையை உலுக்கினார்.

"விட்டுடுங்க, அப்பா" என்றான் ஜிர்கால், கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "உள்ள ஆட்டுத்தலை ஆறிக்கிட்டு இருக்கு. வாங்க."

இந்த முறை அவன் அந்தச் சொல்லைச் சொல்ல யாரும் கற்கண்டு காட்டவில்லை. கிழவர் அதைக் கவனித்தார். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.