தேவசேனாவின் வெள்ளைக் கார்

தாட்சாயணியின் வயிறெரிய ஒரு வெள்ளைக் கார் போதுமாயிருந்தது. அது புதுக்கார்கூட இல்லை. ஆந்திராவின் நகரியில் சுவருக்கு அந்தப்புறம் குடியிருக்கும் ஓரகத்தி தேவசேனா, புருஷன் கமலக்கண்ணனை நச்சரித்துத் திருப்பதியில் வாங்க வைத்த பழைய கார். வண்டி புக்கில் இன்னும் பேர்கூட மாற்றவில்லை. இருந்தாலும் தேவசேனா முன்சீட்டில் சாய்ந்துகொண்டு தெருவைக் கடக்கும்போது, தாட்சாயணிக்குத் தன் வீட்டுத் தறிச் சத்தமே காதில் விழாது.

இரண்டு வீட்டிலும் தறிதான் ஓடியது. ஆனால் மாடி எழும்பியது அங்கே, கார் வந்தது அங்கே. நாற்பதைத் தாண்டியும் நரைக்காத தலைகூட அவளுக்குத்தான். தாட்சாயணிக்கென்று இருந்தது மகள் தரணி ஒருத்திதான். புத்தூரில் இன்ஜினியரிங் படித்தாள், ஃபீஸை அரசாங்கமே கட்டியது. ரோஜா என்று ஆசையாகப் பேர் வைத்த தேவசேனாவின் மகளோ ப்ளஸ் டூவையே தாண்டவில்லை. அதை நினைத்தால்தான் தாட்சாயணிக்குச் சோறு இறங்கும்.

அந்த வருஷம் அரசாங்கத்துக்குச் சிக்கனம் பிடித்துக்கொண்டது. வருகிற வரி கொடுக்கிற உதவிக்குப் போதவில்லையாம். வீட்டு வரியை ஏற்றியதோடு, வசதி உள்ளவர்களைச் சலித்தெடுக்க வீடு வீடாக ஆளும் அனுப்பியது. கமலக்கண்ணன் உஷாரானான். காரைத் திருச்சானூரில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கினான்.

வார்டு ஆபீஸ் சுதீர் தாட்சாயணி வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். செம்போடு சேர்த்துச் சேதியையும் கொடுத்தாள்.

"நம்மகிட்ட இன்னா சார் கீது? பக்கத்து வூட்ல கேளுங்க. காரு வெச்சிக்கினு ரேஷன் அரிசி துன்றாங்க. திருச்சானூர்ல ஒளிச்சி வெச்சிக்கிறாங்க."

"காரா? எவரிதி?"

"எங்க ஓரகத்திதுதான். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சுதீர் பக்கத்து வீட்டுக்குப் போனான். தாட்சாயணி சுவரோரம் காதை வைத்துக்கொண்டாள். தேவசேனா மழுப்புவாள், மாட்டுவாள் என்று காத்திருந்தால், அவள் ஒரே பேச்சில், "ஆமா சார், எங்குளுதுதான்" என்றுவிட்டாள். அதுவும் இவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அரிசி நின்றது. இரண்டு வீட்டுக்கும் நின்றது. அதற்குள் தரணி போன் செய்து அழுதாள். ஃபீஸ் வராதாம், கட்டினால்தான் பரீட்சை எழுதலாமாம்.

தாட்சாயணி வார்டு ஆபீசுக்கு ஓடினாள்.

"ரெண்டு வீட்டுக்கும் ரேஷன் கார்டு ஒண்ணுதானம்மா," என்றான் சுதீர், தெலுங்கு வாடையோடு. "கார்டுல ஒருத்தருக்குக் காரு இருந்தா, மொத்தப் பேருக்கும் கட்."

முன்பு அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்தபோது மாமனார் வேதாச்சலம், "கார்டப் பிரிக்காதீங்கடா, நான் உசிரோட இருக்கிற வரைக்கும்" என்று அழுதார். அவர் போன பிறகும் கார்டைப் பிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. வருகிற அரிசியை ஆளுக்குப் பாதியாக அளந்து எடுத்துக்கொண்டார்கள்.

"நாங்க வேற, அவுங்க வேற சார். தெருவுக்கே தெரியுமே!"

"தெருவுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

வீட்டுக்கு வந்தால், கூடத்தில் தேவசேனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புத்தூரிலிருந்து வந்த தரணி, கண் வீங்கி.

"எந்தப் பாவி போட்டுக் குடுத்தானோ, போவுது வுடு," என்றாள் தேவசேனா. "பொய் சொல்ல வாய் வரல தாட்சா. எங்களாலதான் கொழந்த படிப்பு நின்னுச்சி. அதான் கார வித்துட்டோம். இந்தா பணம், மொதல்ல ஃபீஸக் கட்டு."

"பெரிம்மா!" என்று தரணி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் அம்மா நிற்பதை அவள் பார்க்கவே இல்லை. தேவசேனா அந்தத் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

தாட்சாயணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றியில் அழுகிறாள் என்று தேவசேனா நினைத்து, அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கார் வாசலிலேயே நின்றிருக்கக் கூடாதா என்றுதான் தாட்சாயணி அழுதாள்.