சத்தத்தில் தூங்குகிறவள்

நூலகத்து மாடி அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்ததுமே குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பிதுக்கினால் அடுத்து என்ன வரும் என்று தறிக்காரிக்குத் தெரியும். வரும் வழியில் லாரி ஹாரன் அடித்தபோது அசையாமல் கிடந்தவள், ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்த மிஷினுக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கியவள், இந்த அறைக்கு வந்தால் மட்டும் முழித்துக்கொள்கிறாள். மெத்து மெத்தென்ற விரிப்பு, இழுத்துவிட்ட திரை, மூலையில் மெல்லக் கசியும் புல்லாங்குழல். இதில் அழ என்ன இருக்கிறது? ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்து, இங்கே எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டதுபோல, கத்த ஆரம்பித்தாள். மூன்று வாரமாக இதே கதை.

விரிப்பில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். பல் தெரியாத சிரிப்பு. "வாங்க வாங்க" என்று டீச்சர் கிசுகிசுத்தாள். பிள்ளை பெற்று விடுப்பில் இருக்கிறவர்கள் வாரம் ஒருநாள் கூடுகிற கூட்டம் அது. அதை ஆரம்பித்தவள் டீச்சர்தான். அங்கே எல்லாரும் கிசுகிசுத்துத்தான் பேசுவார்கள். தறிக்காரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மில்லில் தறி ஓட்டுகிறவள். முதல் நாள் ஒவ்வொருவரும் என்ன வேலை என்று சொல்லிக்கொண்டு வந்தபோது அவளும் சொன்னாள். அறையில் இருந்த ஒரே அப்பாவான பஸ் டிரைவர் "ஓ, தறிக்காரியா" என்று கேட்டதில் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் வேறு.

வயிறு நிறைந்த மாதத்தில் இந்தப் பக்கம் வீடு மாறி வந்தார்கள். புருஷன் சரக்கு வேன் ஓட்டுகிறான். அவனுடைய குடோன் இங்கே. அவளுடைய ஜனம் என்றால் தறிக்கூடத்தில் கூட நின்றவர்கள்தான். அவர்கள் இருப்பது ஊரின் மறுகோடியில், அதுவும் ஷிப்டில். இந்தத் தெருவில் ஒருத்தர் முகம் தெரியாது. காலையில் அவன் கிளம்பிப் போனால் இரவு வரும்வரை அவளும் குழந்தையும் நாலு சுவரும். பேச ஆள் தேடிப் போனில் கிடைத்த குழுவில் எல்லாம் சேர்ந்தாள். ஒன்றில் தள்ளுவண்டி விற்றார்கள். ஒன்றில் விடிந்தால் பூப்படம் அனுப்பினார்கள். இன்னொன்றில் குழந்தைக்கு எந்தப் பக்கம் தலை வைப்பது என்று கேட்டதற்கு இரண்டு பேர் சண்டை போட்டு ஒருத்தி விலகிப் போனாள். போன மாதம் பால் பாத்திரத்தை எடுக்கும்போது ஃபிரிட்ஜைப் பார்த்து, "கொஞ்சம் நகரு" என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. தறிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசியவள் அவள். விடுப்பு முடிவதற்குள் புத்தி பேதலித்துவிடுமோ என்று அன்றைக்கு நிஜமாகவே பயந்தாள். அந்தப் பயத்தில்தான் இந்தப் படிகளை ஏறி ஏறி வருகிறாள். உலகத்துக்கு நல்லது செய்ய இல்லை.

குழந்தையைத் தோளில் போட்டு, ஜன்னலோரம் நடந்து, தட்டி, ஆட்டிப் பார்த்தாள். கத்தல் ஏறியது. வட்டத்தின் அந்தப் பக்கம் டீச்சர், பக்கத்திலிருந்த பேங்க்காரியிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அறையின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் நடுவில் இருபது அடி இருக்கும். நடுவில் குழந்தையின் கத்தல் வேறு. யாருக்கும் கேட்க வழியில்லை. தறிக்காரிக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நூறு தறி ஓடுகிற கூடத்தில் காது எதற்கும் உதவாது. எதிர்வரிசைக்காரியின் உதட்டைப் பார்த்துத்தான் ஊர்க்கதை முழுவதும் தெரிந்துகொள்வார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கடன், மேஸ்திரிக்கு யார் மேல் கண் என்று பத்து வருஷமாக உதட்டைப் படித்துப் பழகிய கண் அவளுக்கு.

'இந்தக் குழந்தை வந்தாலே மத்த குழந்தைங்க தூங்க மாட்டேங்குது,' என்றது டீச்சரின் உதடு. 'வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயே பக்குவமா சொல்லிடேன்.'

தறிக்காரி யோசிக்கவில்லை. தறிக்கூடத்தில் உதடு கேட்டால் உதடு பதில் சொல்லும். அங்கே அது வழக்கம். "எங்கிட்டயே சொல்லலாமே டீச்சர். நான் என்ன கடிச்சா வைக்கப்போறேன்?" என்றாள். தறியை மீறிப் பேசிப் பழகிய தொண்டை. குரல் சுவரில் பட்டுத் திரும்பியது.

டீச்சரின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. பேங்க்காரி அவசரமாகத் தன் பையில் எதையோ தேடினாள். பிறகு ஒவ்வொன்றாக, பஞ்சணையில் அரைத்தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்தன. ஒன்று ஆரம்பிக்க, அடுத்தது பிடித்துக்கொள்ள, கடைசியில் பஸ்காரரின் பையனும் சேர்ந்துகொண்டான். அத்தனை பேரும் அழுகிற அந்தக் கூச்சலில், தறிக்காரியின் குழந்தை மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. 'நீங்களும் ரொம்பக் களைச்சிருப்பீங்க. கொஞ்ச வாரம் ரெஸ்ட் எடுத்துக்கிட்டு அப்புறம் வாங்களேன்.' கீழே ஒரு கும்பிடு.

புருஷன் சாப்பிட்டுக்கொண்டே அதைப் படித்தான். "மரியாதையாத்தானே போட்டிருக்காங்க."

"மரியாதையா வெளிய தள்ளிருக்காங்க."

"நீ கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்மா."

"மெதுவாத்தான் சொன்னேன்."

அவன் ஒரு வாய் மென்று முழுங்கினான். "உன் மெதுவு தெருமுனை வரைக்கும் கேக்கும்." அவள் முறைத்ததும், "சரி, விடு. வேற கூட்டம் இல்லாமயா போயிடும்?" என்றான்.

"நீ போயேன். இதைத் தூக்கிட்டு நீ ஒரு கூட்டத்துக்குப் போய் உக்காந்துட்டு வா. அப்புறம் பேசு." தட்டை அவன் எடுப்பதற்குள் அவளே பிடுங்கிக்கொண்டு போய்க் கழுவு தொட்டியில் போட்டாள். அழுகை வந்தது. அதுகூடப் பாதியில் நின்றது, தொட்டிலில் இருப்பவள் முந்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் எதிர்வரிசை அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். தறிக்கூடத்தின் ஓரத்தில் நின்று, மேஸ்திரி பார்க்காத இடமாகப் பார்த்து. போனில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அக்காவின் உதடு மட்டும் திரை முழுக்க அசைந்தது. 'எப்படிடி இருக்கே? என்னடி, கண்ணு உள்ள போயிடுச்சு?' தறிக்காரியும் சத்தமில்லாமல் பதில் சொன்னாள். 'பைத்தியம் பிடிக்கும்போல இருக்குக்கா.' 'புள்ள எங்கடி? சத்தமே காணோம்?' அப்போதுதான் அவள் மடியைப் பார்த்தாள். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது, இரைச்சலைக் கேட்டபடி, கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏழாம் மாதம் வரை அந்தத் தறிகளுக்கு நடுவில்தான் அவள் நின்றாள். வயிற்றுக்குள் இருந்தவள் கேட்ட தாலாட்டு அதுதான். அமைதி என்றால் இவளுக்கு ஏதோ நின்றுபோய்விட்டதாகத்தான் அர்த்தம்போல. தறி நின்றால் தறிக்கூடத்திலும் எல்லாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

இரைச்சலைப் போனில் பதிந்து போட்டுப் பார்த்தாள். குழந்தை இரண்டாம் தடவை ஏமாறவில்லை. காது மட்டும் போதாது, முதுகும் அதிர வேண்டும்போல. வீட்டில் துவைக்கிற மிஷின் கிடையாது. ரெண்டாவது தெருவில் காசு போட்டுத் துவைக்கிற கடை ஒன்று இருந்தது. ஒரு பை துணியோடு போய், மிஷினை ஓட்டிவிட்டு, அதில் முதுகு ஒட்டிக் கிடந்த பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறி உருளை சுழல ஆரம்பித்தது. பெஞ்சு நடுங்கியது. குழந்தை ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடியது. தறிக்காரிக்கும் கழுத்து நரம்பு ஒன்று எங்கோ தளர்ந்தது.

உட்கார்ந்தபடியே நூலகக் கூட்டத்தின் போன் குழுவில் எழுதினாள். எழுதி, அழித்து, மானம் போகிறதே என்று போனை மூடி, மறுபடியும் திறந்து எழுதினாள். 'ரெண்டாவது தெரு சலவைக் கடையில இருக்கேன். இங்க எவ்வளவு அழுதாலும் யாருக்கும் கேக்காது. வரணும்னா வாங்க.' கட்டைவிரல் படம் வரிசையாக வந்தது. ஆள் வரவில்லை. மறுநாள் எழுதியபோதும் கட்டைவிரல். "இத்தனை கட்டைவிரலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது," என்று துவைக்கிற மிஷினைப் பார்த்துக் கேட்டாள். ஃபிரிட்ஜுக்கு இது பரவாயில்லை. ஏதோ பதில் சொல்வதுபோல உறுமியது.

அதற்கடுத்த நாள் பஸ்காரர் வந்தார். மார்பில் பையன், முதுகில் அழுக்கு மூட்டை. பையன் உள்ளே நுழையும்போது அழுதுகொண்டிருந்தான். ஐந்து நிமிடத்தில் சத்தம் காணாமல்போனதை அவரே நம்பவில்லை. குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

"இவன் என் பஸ்ஸுல பொறந்திருக்கணும்மா," என்று கத்தினார்.

"கத்தாதீங்கண்ணே. உதட்டைப் பெருசா அசைங்க, போதும். நான் புரிஞ்சுக்குவேன்."

அவர் அசைத்தார். பல்வலிக்காரன் வாயைக் காட்டுவதுபோல இருந்தது. 'நாள் பூரா நான் பேசற ஒரே ஆளு இவன்தான்,' என்றது உதடு. 'இவனும் மதிக்க மாட்டேங்கிறான்.' தறிக்காரி சிரித்தாள். அவளுடைய சிரிப்பும் மிஷினுக்குள் போய்விட்டது. எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறோம் என்று நினைத்ததும் அதிலும் ஒரு எரிச்சல் வந்தது. ஒரு ஆள் கிடைக்க இவ்வளவு பாடா? மனுஷங்களைக் கண்டுபிடிக்க அழுக்குத் துணியைச் சுமந்து வர வேண்டியிருக்கிறது.

தறிக்காரியின் துணி முடிந்து பெஞ்சுக்கு வந்து, பஸ்காரரின் துணி அலசலுக்குப் போன நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டி நின்றது. டீச்சர். இந்தப் பக்கம் அவளுக்கு என்ன வேலை? உள்ளே இருப்பவர்களை அவள் பார்க்கவில்லை; போன் காதில் இருந்தது. 'இல்லம்மா, நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா பழகறாங்க. ஆமா, நான்தானே அந்தக் கூட்டத்தை நடத்தறேன்,' என்று அம்மாவிடம் சொன்னது உதடு. போனை வைத்தாள். வண்டிக்குள் அவள் பையன் முகம் கருஞ்சிவப்பாகி, வாய் முழுக்கத் திறந்திருந்தது. அவன் இத்தனை அழுவான் என்பதே தறிக்காரிக்குத் தெரியாது. மாடி அறையில் பெரும்பாலும் அரைத்தூக்கத்தில்தான் கிடப்பான். டீச்சர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாருமில்லை என்றானதும் வண்டியின் மேல் குனிந்தாள். பக்கவாட்டில் உதடு தெளிவாகத் தெரிந்தது.

'போதும்டா. ராத்திரி பூரா இதே. உன்னை இங்கேயே விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு இருக்கு எனக்கு.'

தறிக்காரியின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. சூடாக, நல்ல கூர்மையாக. ரெஸ்ட் எடுத்துக்கோங்களேன் டீச்சர், கொஞ்ச வாரம் கழிச்சு வாங்க.

பஸ்காரர் முழங்கையால் இடித்தார். முகவாயால் வெளியே காட்டி, வாயைப் பெரிதாக அசைத்தார். 'என்ன சொல்றாங்க?'

கடைக்காரன் காலையில்தான் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருந்தான். அவளே உட்கார்ந்து பார்த்தாள்.

'தெரியலண்ணே,' என்று உதட்டை அசைத்தாள். 'கண்ணாடி அழுக்கா இருக்கு.'

குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்துபோய், காலால் கதவை உதைத்துத் திறந்தாள். உள்ளே இருந்த இரைச்சல் அத்தனையும் தெருவில் கொட்டியது. டீச்சர் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். தறிக்காரியைப் பார்த்தாள், தோளில் தூங்குகிறவளைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். என்னத்தைப் புரிந்துகொண்டாளோ, கழுத்து வரைக்கும் சிவந்துபோனது.

"துணி எதுவும் கொண்டுவரலையே," என்றாள்.

"வண்டியில இருக்கற போர்வையைப் போடுங்க. கதவு கனமா இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க."

டீச்சர் வண்டியைத் தள்ளினாள். வண்டியின் முன்சக்கரம் வாசல்படியில் ஏறி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. அந்த நேரம் பார்த்து மிஷின் பிழிய ஆரம்பித்தது. வண்டிக்குள் பையனின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது; சத்தம் மட்டும் காணோம். தறிக்காரி கதவைக் காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி, ஒற்றைக் கையை நீட்டி, கதவுப் பக்கமிருந்த பெஞ்சு நுனியில் கிடந்த தன் ஈரத்துணிகளை ஒரு ஓரமாகத் தள்ளினாள்.