சுவருக்குள் ஒரு நூல்

கடைசி திருகாணி கழன்று வந்தபோது, முன்னறையில் பாதிரியார் மரித்தோர்க்கான துதியைத் தொடங்கியிருந்தார். வீட்டுக் கண்ணாடிகளெல்லாம் துணி போர்த்தி நின்றன. செவஸ்தித்ஸா மட்டும் கார்க் கொட்டிலில், ஒட்டுப்பலகைச் சுவரின் முன் முழந்தாளிட்டிருந்தாள். கணவனின் உடல் இன்னும் வீடு நீங்காதிருக்க, தன் உயிருக்கு அஞ்சி இங்கு வந்தது அவளைக் கூசச் செய்தது.

கணவன் பெயர் இலாரியே; கோயிலில் சங்கீதம் பாடுபவன். அயல்நாடு போன பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வீடியோ எடுக்கவேண்டும் என்பது அவன் ஆசை. கட்டட வேலைக்கான பழைய விளக்கை வாங்கினான். வெளிச்சம் மென்மையாக விழ, கேக் சுடும் காகிதத்தை அதன்முன் கட்டினான். பின்னணிக்கான பொய்ச்சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்க்க, அவளை நிறுத்தி, செங்கல்லில் விழுந்த அவள் நிழலைச் சிவப்புக் கம்பளி நூலால் அளந்தான். பலகை பொருத்துகையில் நூல் இடுக்கில் நழுவிற்று.

சூப் கொண்டுவந்த அவன் சித்தி பராஸ்கிவா சிலுவை போட்டுக்கொண்டாள். "உசுரோட இருக்கறவ நிழலை அளந்து செவுத்துக்குள்ள வைக்கறியே, கிறுக்கா! அவ நாப்பது நாள்கூடத் தாங்கமாட்டா."

"சித்தி, இது ஒட்டுப்பலகை. டான்யூப் ஆத்து மேல பாலமா கட்றேன், காவு குடுக்க?" என்று சிரித்தான் அவன்.

நாற்பது நாள் இன்னும் ஆகவில்லை. அவன்தான் போய்ச் சேர்ந்திருந்தான், பாடிக்கொண்டிருக்கையிலேயே.

பலகையை விலக்கினாள். உள்ளே சிவப்பு இல்லை. வெள்ளைத் தூண்டில் நூல் ஒன்று கிடந்தது. அவள் நிழலின் அளவைவிட ஒரு சாண் நீளம். நுனியில், மீன்பிடிக்கும்போது அவன் போடும் அதே முடிச்சு.

திரும்பினாள். விளக்கின் காகிதத்தை இறுக்கிக் கட்டியிருந்தது அவளுடைய சிவப்பு நூல்.

வாசலில் பராஸ்கிவா நின்றாள். "பெட்டியை மூடப் போறாங்க. வாடி."

"சித்தி, இது யார் வேலை?"

கிழவி குனிந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "மறுநாளே வந்து கேட்டான். 'அவளோடதை எடுத்துட்டு வேற ஒருத்தரோடதை வச்சாப் போதுமா'ன்னு. கிண்டல் பண்றான்னு நெனச்சேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போதும்னேன்."

துதி ஓய்ந்தது. சுத்தியல் ஓசை ஒன்று கேட்டது.

"அதைக் கொண்டா, அவன் கையில வச்சிடலாம். இங்கயே கெடந்தா அவன் எங்கயும் போகமாட்டான், கண்ணு. இந்தச் செவுத்தக் காத்துக்கிட்டே நிப்பான்."

செவஸ்தித்ஸா நூலை விரலில் சுற்றினாள், பிறகு அவிழ்த்தாள். இருந்த இடத்திலேயே அதை நீளக் கிடத்தி, பலகையை ஏற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். கிழவி தடுக்கவில்லை.

எழுந்து விளக்கை அணைத்தாள். பலகையில் விழுந்திருந்த நிழல் மட்டும், அவளைவிட ஒரு சாண் உயரமாய், சற்றுத் தாமதித்தே போயிற்று.