காப்பு கட்டிய கை

பூசாரி முடிச்சை இறுக்கிய பிறகுதான் அர்த்தனாரிக்கு நினைவு திரும்பியது. குனிந்து பார்த்தால் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கயிற்றில் ஒரு விரலி மஞ்சள். திருநீறு என்று நினைத்து நீட்டிய கை அது. அப்படிக்கூட நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த நேரத்தில் அவர் மாரியம்மன் கோயில் வாசலிலேயே இல்லை. செவ்வாய்க் கிரகத்தில் இருந்தார். அங்கே சிங்காரம் என்கிற வாலிபன், எண்ணெய் தீர்ந்துபோன ஆகாயக் கப்பலோடு மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான். அவனை எப்படிப் பூமிக்கு இறக்குவது என்று யோசித்தபடி மேளம் பார்க்க நின்றவர், வரிசை வந்ததும் எல்லாரையும்போலக் கையை நீட்டிவிட்டார். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

ஊர்க்கவுண்டர் காளியண்ணனுக்கு வாயெல்லாம் பல். "அட, நம்ம ரைட்டரும் கை நீட்டிட்டாருங்க! வருசா வருசம் கூப்புட்டு ஓஞ்சு போயிருந்தோம். இனி நீங்களும் இந்த ஊருதானுங்க, சாமி."

அர்த்தனாரி கயிற்றை இழுத்துப் பார்த்தார்; முடிச்சு அசையவில்லை. காட்டிலாகா ஆபீஸில் குமாஸ்தாவாக மலைமேல் அரியூர் நாட்டுக்கு ஏறி வந்தவர் அவர். ஒரு வருஷம் என்றுதான் அனுப்பினார்கள். கூட வந்தவர்களெல்லாம் மலைக்காய்ச்சலைக் காட்டி மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இவர் எழுதிய மனுக்கள் எந்த மேஜையில் தூங்கினவோ! மழை பிடித்தால் பாதை கிடையாது, காய்ச்சல் பிடித்தால் டாக்டர் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலில்தான் விஞ்ஞானக் கதை எழுத ஆரம்பித்தார். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகும் காத்தான் வாரா வாரம் கதையைத் தபாலில் சேர்ப்பான். பட்டணத்துப் பத்திரிகையில் 'செவ்வாயில் சிங்காரம்' சக்கைப்போடு போட்டது. மலையை விட்டு நகர முடியாத மனுஷன் ஊரையெல்லாம் வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பத்திரிகாசிரியர் இந்த வியாழக்கிழமை சேலம் வருகிறாராம். அங்கே வந்து பார்த்தால் தம்மோடு ரயிலேற்றிக்கொண்டு போய் உதவியாசிரியராக உட்காரவைப்பாராம். வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறாராம். ராஜினாமா எழுதியாகிவிட்டது. பெட்டியும் கட்டியாகிவிட்டது.

இப்போது இந்தக் கயிறு. காப்புக் கட்டினவர்கள் எட்டு நாள் நோம்பித் திருவிழா முடிந்து கயிற்றை அவிழ்க்கிறவரை ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக்கூடாது. ஒருத்தர் தங்கினாலும் நோம்பி அத்தோடு நின்றுவிடும். அந்த வருஷத்துக்கு அம்மனுக்குப் பூசை கிடையாது. பெட்டியைத் தூக்க வருவதாகச் சொன்ன காத்தான் தலையைச் சொறிந்தான்.

"காப்புக் கட்டுன ஆளோட பொட்டிய நான் தொடமாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க."

மத்தியானம் கண்ணாயி சாமைச் சோறு கொண்டுவந்தாள். ஆபீஸுக்கு எதிர் வீடு. இவருக்குச் சோறு பொங்கிப் போடுகிறவள். அச்சேறுமுன் ஒவ்வொரு வாரக் கதையையும் கேட்கிறவளும் அவள்தான். கிண்ணத்தை வைத்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தச் சிங்காரம் எறங்கிட்டானுங்களா?"

"அவன் கிடக்கறான். இந்தக் கயித்த அறுத்துப்போட்டா என்ன ஆகும் கண்ணாயி?"

அவள் சிரிப்பு நின்றுபோனது. எதிரே தன் வாசலில் கழுவிக் காயவைத்திருந்த புது மண்சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தையில் அவள் மகனுக்கு அம்மை வார்த்து அவன் கண் திறக்காமல் கிடந்ததும், அவள் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டதும் அர்த்தனாரிக்குத் தெரியாததல்ல. பையன் பிழைத்துக்கொண்டான். சட்டி எடுப்பது பாக்கி.

"போறதுன்னா போங்க. உங்க பொழப்பு, நான் ஆரு தடுக்க? போகையில ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க. சட்டியக் கவுத்து வெச்சர்றேன்."

திட்டியிருந்தால் தேவலை. புதன்கிழமை விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல், தானே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எல்லைக்கல் வந்ததும் பெட்டியை இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து சவரக்கத்தியை எடுத்தார். கீழே, வெகு கீழே, பேளுக்குறிச்சி தெரிந்தது. நாளைக்கு ஒரே தடவை வருகிற சேலம் பஸ் நிற்கிற புளியமரம்கூடத் தெரிந்தது.

பஞ்சு நூல், மஞ்சள் சாயம். இதில் என்ன சக்தி இருக்கிறது? ஒரு கிரகத்தின் இழுப்பை உதறிக் கிளம்ப எத்தனை வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினவனுக்கு ஒரு கயிறு பெரிசா? கத்தியைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தார். கத்தி அங்கேயே நின்றது. பயம்தான், வேறென்ன? அம்மன்மேல் பயமா, அந்தப் பையனுக்கு மறுபடி ஏதாவது வந்தால் தன்னைத்தான் சொல்வார்கள் என்கிற பயமா, அதுவும் விளங்கவில்லை. பட்டணத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் ஒரு மண்சட்டி கவிழ்ந்து கிடக்குமே என்று நினைத்தார். பிறகு தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. 'அறுடா மடையா!' என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. புளியமரத்தடியில் புழுதி கிளம்பி, ரோட்டோடு நீண்டு, மறைந்தது. அர்த்தனாரி கத்தியை மடக்கினார். அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாததால் நன்றாகவே அழுதார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்குக் கையே அல்லவா எட்டவிடவில்லை?

திரும்பி மலை ஏறும்போது பெட்டி இரண்டு மடங்கு கனத்தது. மத்தியானம் ஆபீஸ் மேஜையில் எழுத உட்கார்ந்தார். ராஜினாமா, அனுப்பாத தபாலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. கண்ணாயி கிண்ணத்தை வைத்தாள். பெட்டி திரும்பி வந்திருப்பதைப் பார்த்தாள். வழக்கமான கேள்விக்கு வந்தாள்.

"அந்த ஆளு என்னங்க ஆனான்?"

"எண்ணெய் கிடைச்சிருச்சு. கப்பல் தயாரா நிக்குது."

"அப்பறம் என்னங்க? ஏறி வர வேண்டியதுதான?"

 குனிந்து எழுதினார். கை நகர நகர வியர்வையில் நனைந்த கயிறு காகிதத்தில் உரசி, ஒவ்வொரு வரிக்கும் கீழே மஞ்சளைத் தீற்றிக்கொண்டே போனது. கண்ணாயி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். எதிர் வாசலில் அவளுடைய சட்டி, வாய் மேலே பார்த்தபடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.