லாரி மேல் ஒரு நாற்காலி

மன்றத்துக் கரும்பலகையில் இருந்த தன் பெயரைத் தலைவர் ஈரத்துணி வைத்துத் துடைப்பதை விசிலக்கா வாசலிலேயே பார்த்துவிட்டாள். டயர் கடைக்கு மேல்மாடி அது. கைத்தடியை ஊன்றி ஊன்றிப் படியேறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இந்தக் காட்சி!

பலகையின் உச்சியில் 'வரப்போகிறவை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதன் கீழே ஊர்வலம், மாதக் கூட்டம், குடும்ப விருந்து, விளையாட்டு நாள் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்கு என்ன வேலை என்று இருக்கும். நாற்காலி போட ஒருத்தர், டீ போட ஒருத்தர், பாட்டுப் பெட்டி கொண்டுவர ஒருத்தர். ஊர்வலத்துக்கு எதிரே 'விசில்' என்று ஒரு வேலை. மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த இடத்தில் வேறு பெயர் ஏறியதே கிடையாது. சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து 'விசிலக்கா' என்றே பலகையிலும் எழுதும் அளவுக்கு அது அவளோடு ஒட்டிப்போய்விட்டது.

"வாங்க வாங்க, விசிலக்கா! உங்களப் பத்திதான் பேசிட்டிருக்கோம்" என்றார் தலைவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர். யாரோடு பேசினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பவர் மாதிரியே பேசுவார். "இந்த வருஷம் லாரியில நாற்காலி உங்களுக்குத்தான்! எல்லாரும் ஒரு தடவ கை தட்டுங்க!"

தட்டினார்கள். விசிலக்கா கைத்தடியை நங்கென்று ஊன்றினாள்.

"என்னக் கேக்காமலேயா?"

"மரியாதைய யாராச்சும் கேட்டுட்டா குடுப்பாங்க? முட்டி ஆபரேஷன் பண்ணின கால். ஜம்முனு மேல உக்காந்து கையாட்டிட்டு வாங்க."

"முடியாது."

"என்னக்கா இப்படிப் பட்டுனு சொல்றீங்க? இந்த மரியாதையக் கொண்டுவந்ததே நீங்கதானே?"

அது உண்மைதான்.

நடந்த கதை இதுதான். ஆண்டுக்கொரு முறை அந்த நகரத்து மன்றங்கள் எல்லாம் அணி அணியாகப் பெரிய சாலையில் நடந்து, மேடையில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்களுக்குக் கையசைத்துவிட்டுப் போகும். மஞ்சள் சட்டை போட்ட ஒழுங்கு பார்ப்பவர்கள் வழி நெடுக நிற்பார்கள். எந்த அணி நடுவில் அறுந்தாலும் ஈவிரக்கம் கிடையாது, அறுந்த வாலைப் பக்கத்துச் சந்தில் திருப்பிவிட்டுவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன்னால் தச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு நடை தளர்ந்தது. அவரைத் தனியாக விட மனமில்லாமல் பின்னால் வந்தவர்களும் தளர்ந்தார்கள். தபால் நிலைய வளைவில் அணி இரண்டாகப் போயிற்று. மேடைக்கு எதிரே பிள்ளைகுட்டிகளோடு காத்திருந்த குடும்பங்கள் பார்த்தது பாதி மன்றத்தைத்தான். மீதிப் பாதி மீன் சந்தைப் பக்கம் போய் நின்றது.

அன்றைக்குக் கொதித்துப்போய் விசிலக்கா சொன்னாள்: "மெதுவா நடக்கிறவங்கள மரியாதையா லாரியில ஏத்திருவோம். ஒரு நல்ல நாற்காலி, கழுத்துல ஒரு ரிப்பன். அவங்களுக்கும் கௌரவம், நமக்கும் வரிசை அறாது."

ஆகா என்றார்கள் எல்லோரும். நாற்காலியைத் தச்சரையே செய்யச் சொன்னார்கள். மனிதரும் கைப்பிடியில் பூவேலை எல்லாம் வைத்து, பட்டுப்போல இழைத்துக் கொண்டுவந்தார். முதலில் ஏற்றி உட்கார வைத்ததும் அவரைத்தான். கையாட்டிக்கொண்டே போனார், பாவம். அடுத்த வாரம், 'இனிமே அவருக்கு எதுக்கு வேலை' என்று பலகையில் அவர் பெயரைத் துடைத்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மறுவருடம் டீச்சரம்மா ஏறினாள். அதற்கடுத்து தையல்காரர். லாரியில் ஏறியவர்களில் ஒருத்தர்கூட மறுபடி இந்த மாடிப்படி ஏறவில்லை. இதெல்லாம் விசிலக்காவின் கண்ணில் படவேயில்லை. அவளுக்கு வரிசை நேராக இருந்தால் போதும். இப்போது நாற்காலி தன்னைத் தேடி வந்தபோதுதான் சுருக்கென்றது.

"நான் நடப்பேன்" என்றாள்.

"வரிசை அறுந்தா?"

"அறாது."

"எப்படி அறாது? சொல்லுங்களேன், கேப்போம்."

எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் அசைந்து கொடுப்பதாக இல்லை. ஒற்றைக் காலில் நிற்பது என்பார்களே, அன்றைக்கு அவள் நிஜமாகவே அப்படித்தான் நின்றாள். மற்றக் கால் வலியில் விண்ணென்று தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. பள்ளிக்கூட மைதானத்தில் அணி புறப்பட்டது. விசில்காரருடைய வேலை ஓரமாக முன்னும் பின்னும் ஓடி வரிசையை நேர்படுத்துவது. விசிலக்கா ஊதினாள், அணி நகர்ந்தது. இன்னொரு தடவை ஊதினாள், அணி தூரமாகப் போய்விட்டது. மூன்றாவது தடவை ஊதும்போது அவள் மைதானத்து நடுவில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாள். தலைவர் கண்டும் காணாதவர்போல ஆகாயத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை தன் சலவைக்கடையைத் திறக்கப் புருஷனோடு நடந்தாள். அவர் எலக்ட்ரீஷியன். ஏணிக்குக் கால் முளைத்தது மாதிரி உயரம். நாலு எட்டு வைப்பார், நின்று திரும்பிப் பார்ப்பார். அவள் போய்ச் சேர்வாள். மறுபடியும் நாலு எட்டு, மறுபடியும் நிற்பார்.

"ஏங்க, ஒவ்வொரு தடவையும் இப்படித் திரும்பிப் பாக்கறீங்களே, எனக்கு எரிச்சலா வருது."

"பாக்காமப் போனா அதுக்கும் எரிச்சல் வரும். நான் என்னதான் பண்றது?"

"பின்னாடி வாங்க! நான் முன்னாடி போறேன். அப்ப எப்படி என்ன விட்டுட்டுப் போறீங்கன்னு பாக்கறேன்."

முனகிக்கொண்டே பின்னால் வந்தார். கடைவரைக்கும் ஒரு இடைவெளி விழவில்லை. பூட்டில் சாவியை நுழைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏங்க!"

"இப்ப என்ன?"

"மெதுவா நடக்கிறவங்க முன்னாடி போனா வரிசை எப்படிங்க அறும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. ஆனா உங்களுக்கு முன்னால ஒரு மன்றம் போகுமே? அவங்க போயிட்டே இருப்பாங்க. அந்த இடைவெளிய என்ன பண்ணுவே?"

நல்ல கேள்விதான். அன்றைக்கு முழுக்க இஸ்திரி போட்டபடி அதையே யோசித்தாள். யாரோ ஒரு மாப்பிள்ளையின் சட்டைக் காலரைக் கருக்கிவிட்டுப் பத்து முறை மன்னிப்புக் கேட்டாள். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, "யாரு குடியக் கெடுக்கப் போறே?" என்று கேட்டார் புருஷன்.

"ஊரோட குடிய" என்றாள்.

முதல் காரியமாகத் தச்சர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவர் மனைவி, "வாங்க, வழி தெரிஞ்சுதா?" என்றாள். குத்தல்தான். விசிலக்கா வாங்கிக்கொண்டாள். தச்சர் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்குக் கட்டிலும் மேஜையும் செய்து கொடுத்த மனிதர் பிளாஸ்டிக் ஸ்டூலில்!

"அண்ணே, ஊர்வலத்துக்கு நடக்க வரணும்."

"நடக்கவா? என்ன லாரியில ஏத்தி வச்சது யாரு? நான் செஞ்ச நாற்காலியில என்னையே உக்கார வச்சு, ரிப்பன் கட்டி, ஊரு பூராக் காட்டி அனுப்பி வச்சது யாரும்மா?"

"நான்தான்."

"அப்புறம்?"

"ஏத்தி வச்சவளே எறக்கிவிட வந்திருக்கேன். வருத்தமாத்தான் இருக்கு அண்ணே, அத மறைக்கல. ஆனா வருத்தப்பட்டுட்டு உக்கார நேரமில்ல. வர்றீங்களா, இல்லையா?"

தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தார். "என் இடுப்பு ஆமை வேகம்" என்றார்.

"என் முட்டி அதவிட மோசம். யாரு மெதுவுன்னு போட்டியே வச்சுக்கலாம்."

அவர் மனைவி உள்ளேயிருந்து பக்கென்று சிரித்தாள். டீயும் வந்தது.

டீச்சரம்மாவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது. "எத்தன நாளா எவளாவது கூப்பிடுவான்னு இருந்தேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். தையல்காரர்தான் கொஞ்சம் பிகு பண்ணினார். பதாகை கிழிந்திருக்கிறது, நீங்கள்தான் தைக்க வேண்டும் என்றதும் இறங்கி வந்தார்.

அடுத்தது ஊர்வலக் குழுவின் கூட்டம். எல்லா மன்றங்களின் தலைவர்களும் வந்திருந்தார்கள். விசிலக்காவும் தங்கள் தலைவர் கூடவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். "முதல் அணியாப் போக யாரு தயார்?" என்று மஞ்சள் சட்டைக்காரர்களின் தலைமை ஆள் கேட்டார். ஒரு கை எழவில்லை. வருடா வருடம் அப்படித்தான். முதல் அணி விடிந்ததும் வந்து வெயிலில் காய வேண்டும். அது மேடையைத் தாண்டும்போது விருந்தினர்கள் வந்திருக்கவே மாட்டார்கள், வெறும் சோபாவுக்குக் கையாட்டிவிட்டுப் போக வேண்டும். அதனால் எல்லோரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசிலக்கா கைத்தடியைத் தூக்கினாள். "நாங்க."

தலைவர் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுக்காத குறை. "அக்கா, என்ன பண்றீங்க?" என்று பல்லைக் கடித்தார்.

"தலைவரே, முன்னாடி போற வண்டி மெதுவாப் போனா பின்னாடி வர்ற வண்டி என்ன பண்ணும்?"

"அதுவும் மெதுவா... வரணும்" என்றார் தலைவர். சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் விஷயம் உறைத்தது. "அடிப்பாவி!" என்றார். அதற்குள் தலைமை ஆள் எழுதிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டார்.

ஊர்வல நாள். வெயில் ஏறுமுன்னே மன்றத்தார் கூடிவிட்டார்கள். முன்வரிசையில் பதாகையின் ஒரு கம்பைத் தச்சரும் மறு கம்பைத் தையல்காரரும் பிடித்தார்கள். நடுவில் டீச்சரம்மா, அவளுக்குப் பக்கத்தில் விசிலக்கா. பின்னால் மற்ற எல்லோரும். கடைசியில் லாரி, அதன் மேல் காலி நாற்காலி. அதைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை.

விசில் ஊதினாள். அந்த நகரத்து வரலாற்றிலேயே அவ்வளவு மெதுவாக ஓர் ஊர்வலம் புறப்பட்டிருக்காது.

தபால் நிலையத்தை நெருங்குவதற்குள் பின்னால் வந்த மன்றத்துப் பாண்டு வாத்தியம் அடித்த துள்ளல் பாட்டு தடுமாறி, திணறி, மெல்ல ஒரு தாலாட்டு வேகத்துக்கு இறங்கியது. அதற்கும் பின்னால் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, கொஞ்சம் வேகமா! மொத்த ஊர்வலமும் நிக்குது!"

"எங்க அணி அறுந்திருக்கா தம்பி?"

அவர் அணியைக் கடைசி ஆள்வரைக்கும் பார்த்தார். "இல்ல."

"அப்ப சந்துல திருப்ப முடியாதில்ல?"

"அது... முடியாது."

"அப்ப ஓரமா நில்லுங்க, பதாகை இடிக்கும்" என்று சொல்லி இன்னொரு ஊது ஊதினாள்.

சும்மா ஒன்றும் நடந்துவிடவில்லை. வளைவில் திரும்பும்போது முட்டிக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், நிஜமாகவே நினைத்தாள். பின்னாலேயே லாரி வருகிறது, நாற்காலியும் காலி. பக்கத்தில் தச்சர் கம்பை இறுக்கிப் பிடித்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். வியர்வை வழிந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முடியலைன்னா சொல்லும்மா" என்றார் அவர்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப நானும் சொல்ல மாட்டேன்."

இருவரும் சொல்லவில்லை. வளைவு பின்னால் போயிற்று. விசிலக்கா திரும்பிப் பார்த்தாள். கடைசி ஆள்வரைக்கும் ஒருத்தர் தோளை ஒருத்தர் உரசும் அளவுக்கு நெருக்கமாக, அறாமல், தன் மன்றம் முழுசாக வந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருடம் ஓடி ஓடி விசில் ஊதியும் அவள் இப்படியொரு வரிசையைக் கண்டதில்லை.

அவர்கள் மேடையை நெருங்கியபோது வழக்கம்போல் தாமதமாக வந்த விருந்தினர்கள் அப்போதுதான் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்கள். முதல் அணியை விருந்தினர்கள் பார்த்தது அதுவே முதல் தடவை. எதிரே நின்ற குடும்பங்கள் போட்ட கூச்சலில் விசில் சத்தமே கேட்கவில்லை. தச்சரின் மனைவி கூட்டத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். டீச்சரம்மா அழுதாள், அழுதுகொண்டே காலை எட்டிப் போட்டாள்.

மத்தியானம் மாடியில் டீ. அத்தனை படியையும் முன்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். லாரியிலிருந்து இறக்கிய நாற்காலியைக் கூடத்து நடுவில் போட்டுவிட்டிருந்தார்கள். நடந்த களைப்பில் தலைவர் எதையும் பார்க்காமல் அதில் தொப்பென்று சாய்ந்தார்.

"தலைவரே, அதுல உக்காந்துட்டீங்களா? அடுத்த வாரம் உங்க பேரத் துடைச்சுரலாமா?" என்றாள் விசிலக்கா.

சுடுதண்ணீர் பட்டவர்போல் துள்ளி எழுந்தார். கூடமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் தச்சர் போய் நாற்காலியின் பூவேலைக் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அதை இழுத்துக்கொண்டு போய், மாதக் கூட்டத்துக்குப் போட்டிருந்த மற்ற நாற்காலிகளின் வரிசையில், கடைசியிலும் இல்லாமல் முதலிலும் இல்லாமல், நடுவில் ஓரிடத்தில் செருகினார்.

தலைவர் சாக்பீஸை எடுத்தார். "சரி, அடுத்து குடும்ப விருந்து. மேடை போட ஆள் வேணும். யாரு?"

முதுகைக் காட்டி நின்ற தச்சர் திரும்பினார்.

"என் பேரப் போடுங்க" என்றார்.

தலைவர் எழுதப் போனார். விசிலக்கா பலகைக்குக் கீழே கிடந்த ஈரத்துணியை எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினாள்.

"இப்ப எழுதுங்க" என்றாள். "அப்படியே எங்க நாலு பேர் பேரையும் எழுதுங்க. நல்லா அழுத்தி எழுதுங்க."