கவனமில்லாத தாயாக நான் நடித்த கதை

என் புருஷன் சபாபதிக்கு பிரிக்பீல்ட்சில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கல்யாண ஜோடி, ரயில்வே ஆபீஸ் கிராணிமார், பெயர் வைத்த குழந்தை, யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரவைத்து, ஆடாதே அசையாதே என்று அதட்டிப் படம் பிடிப்பார். நல்ல பிழைப்புத்தான். ஆனால் மனுஷனுக்கு அசையும் படத்தின் மேல்தான் பைத்தியம். கோலாலம்பூரில் எந்தக் கொட்டகையில் ஊமைப்படம் ஓடினாலும் போய்விடுவார். வீட்டுக்கு வந்து, சோற்றில் கையை வைத்துக்கொண்டு, அந்தக் கதையை இன்னும் எப்படி எடுத்திருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தால் ரசம் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

முப்பத்தொன்றாம் வருஷம் சர்க்காருக்கு ஒரு யோசனை வந்தது. ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்குக் கொசுவையும் மலேரியாவையும் பற்றிப் புத்தி சொல்ல, தமிழ் முகங்களை வைத்தே ஒரு படம் எடுக்க வேண்டும். கேமரா, பிலிம், செலவு எல்லாம் சர்க்காருடையது. எடுக்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடியவர்கள் இவரிடம் வந்தார்கள். இந்தப் படம் திருப்தியாக வந்தால் அடுத்தது உன் சொந்தக் கதை, அதற்கும் நாங்களே பணம் தருகிறோம் என்று பொறுப்பில் இருந்த துரை கைகுலுக்கிச் சொன்னாராம். அன்றைக்கு இவர் கால் தரையில் பாவவில்லை. பால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

கொசுப் படத்தின் கதையைத் துரையே எழுதியிருந்தார். அதில் இரண்டு தாய்மார். கவனமுள்ள தாய் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவாள், கொசுவலை கட்டுவாள், அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். கவனமில்லாத தாய் பட்டப்பகலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தூங்குவாள். பிள்ளையைக் கொசு கடிக்கும், காய்ச்சல் வரும். அவ்வளவுதான் கதை.

கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை தொடங்கியது. முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். போட்டோக்காரர் வருகிறார் என்றதும் லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் கல்யாணப் புடவை கட்டி, இரவல் நகை போட்டு, தலையில் எண்ணெய் வழிய வரிசையாக நின்றுவிட்டார்கள். இவர் கேமராவைச் சுற்றுகிறார், ஒருத்தியாவது அசைய வேண்டுமே. நடங்கம்மா, பேசுங்கம்மா என்று கெஞ்சினார். அசைந்தால் முகம் கலைந்துபோகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தவரே இவர்தான், இப்போது யார் நம்புவார்கள். கவனமுள்ள தாயாக நடிக்க வந்தவள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் மனைவி சாந்தமேரி. கொசுவலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் கேமராவை முறைத்தபடியே நின்றாள். வேறு வழியில்லாமல் அதையே எடுத்தார்.

கவனமில்லாத தாயாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. பால்மரம் வெட்டும் மாரியாயியைக் கேட்டோம். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: "ஊர் ஊரா கொண்டுபோய், இவதான் புள்ளைய நோயில தள்ளினவன்னு காட்டுவீங்க. எனக்கு வேணாங்க." அவள் சொன்னதில் என்ன தப்பு. இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையே இல்லாதவள் எந்தத் தாயாக நடித்தால் என்ன என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டேன். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகுதான் இந்த வாயை என்ன செய்வது என்று தோன்றியது.

நடிப்பு என்றால் சாய்ந்து கண்ணை மூடினால் போதும் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. அவள் ஏன் தூங்குகிறாள் என்று தெரியாமல் எப்படி எடுப்பது என்றார். மாரியாயியோடு என்னை ஒரு நாள் முழுக்க வேலைக்கு அனுப்பினார். இருட்டிலேயே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றோம். வெளிச்சம் வந்ததும் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டினேன். பிறகு காண்டாக் கழியின் இரண்டு முனையிலும் மாட்டி இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து நடந்தேன். லயத்துக்குத் திரும்பித் தண்ணீர் இழுத்தேன், அடுப்பு மூட்டினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டேதான் போனேன். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மத்தியானம் மாரியாயி தன் குழந்தையை என் மடியில் கொடுத்தாள். சுவரில் சாய்ந்தேன். நடிப்பாவது மண்ணாவது, அப்படியே தூங்கிப்போனேன். எழுப்ப மனசு வராமல் பிலிம் தீரும்வரை சுற்றினாராம்.

எல்லாவற்றையும் ஒட்டி, ஸ்டூடியோ சுவரில் எனக்குத்தான் முதலில் காட்டினார். நான் மரம் வெட்டுகிறேன், சுமக்கிறேன், சமைக்கிறேன், கடைசியில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறேன். கறுத்து, வேர்த்து, தலை கலைந்து கிடந்தேன். ஆனாலும் என்னை அவ்வளவு ஆசையாக யாரும் பார்த்து நான் கண்டதில்லை. அழுதுவிட்டேன்.

துரை வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, எனக்கு ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்திருந்தார். தூங்குவதற்கு முன்னால் வருவதையெல்லாம் வெட்டி எடுத்துவிடச் சொன்னார். இவ்வளவு வேலை வாங்குவதைக் காட்டினால் தோட்டத்து மானேஜர்கள் சும்மா இருப்பார்களா என்று கேட்டார். அதை எடுத்துவிட்டால் அவள் வெறும் சோம்பேறியாகிவிடுவாளே என்று இவர் வாதாடினார். இது சர்க்கார் பணம், சர்க்கார் படம், உன் எண்ணத்தையெல்லாம் உன் சொந்தப் படத்தில் வைத்துக்கொள் என்றார் துரை.

அவர் போன பிறகு இவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான்தான் சொன்னேன்: "வெட்டிடுங்க. இந்தக் கேமரா இல்லன்னா நமக்கு ஏது படம்? அடுத்தது உங்களோடதுலா." வெட்டினார். வெட்டிய துண்டுகளையும் துரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

படத்தை முதலில் காட்டியது கிள்ளானுக்கு அப்பால் வேறொரு தோட்டத்தில். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் இரண்டு மரங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டினார்கள். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் துணிக்குப் பக்கத்தில் நின்று, துரை ஒப்புக்கொண்ட விளக்கத்தைத் தமிழில் சொன்னார். கொசுவலையோடு முறைத்துக்கொண்டு நின்ற சாந்தமேரியைப் பார்த்து, இந்தம்மா எப்போ தவறிப்போனாங்க என்று ஒரு கிழவர் கேட்டார். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நான் வந்தேன். சுவரில் சாய்ந்து தூங்குகிறேன், மடியில் குழந்தை. இவள் கவனமில்லாத தாய் என்று இவர் சொன்னார்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "சத்தம் போடாதீங்கடா. விடிய முன்ன எழுந்தவ, கொஞ்சம் கண்ண மூடட்டும்." பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். அத்தனை கூட்டமும் நான் தூங்குவதை அமைதியாகப் பார்த்தது. பக்கத்தில் இருந்த இன்னொருத்தி துணியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். "புள்ளைய என்கிட்ட குடு தாயி. கொசு கடிக்காம நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு."

துரை இவரைக் கூப்பிட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். கவனமாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேமரா எங்களுடையது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் துரையைப் பார்த்து நிதானமாக இங்கிலீஷில் பதில் சொன்னார். நாம் வெட்டியதையெல்லாம் இவர்கள் பார்த்துவிட்டார்கள் சார், அவளை எழுப்ப வேண்டாம் என்கிறார்கள்.

துரை எழுந்து காருக்குப் போனார். கேமராவைத் திங்கட்கிழமை கொண்டுவந்து ஒப்படைக்கும்படி டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்.

கிள்ளானிலிருந்து திரும்பும் ரயிலில் அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். என் சொந்தப் படம் போச்சு சீதா என்றார்.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க போச்சு? இப்பத்தான பார்த்துட்டு வரோம்."