மூன்றாவது ஆசிரியர்

மொழிப் பயிற்சி நிலையத்தின் முதல்வர் தன் அறையை விட்டு வெளியே வருவது வருடத்துக்கு இரண்டு முறைதான். தீயணைப்பு ஒத்திகை நடக்கும்போது ஒருமுறை. அவர் அறை ஏசி பழுதானால் இன்னொரு முறை. ஆகவே அவர் கையில் ஒரு தாளோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றபோது, ஜப்பானிய மொழி டீச்சர் முதலில் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது எங்கேயாவது புகை வருகிறதா என்றுதான்.

"டீச்சர், வாழ்த்துகள்! நம்ம நிலையத்துக்குக் கிடைச்சிடுச்சு!"

முதல்வர் வாயில் நல்ல சேதி என்றால் 'நான்' வரும். கெட்ட சேதி என்றால் 'நீங்க' வரும். 'நம்ம' என்று வந்தால் யாரோ ஒருவர் தலையில் எதையோ கட்டப்போகிறார் என்று அர்த்தம். இது பதினேழு வருடத்தில் டீச்சர் கற்ற இலக்கணம்.

"யாருக்கு சார் கிடைச்சிருக்கு?"

"அங்கதான் விசேஷமே. நம்ம பிரெஞ்சுக்கு!"

மூலையில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த பிரெஞ்சு தலையைத் தூக்கினார். அவர் பிரெஞ்சு மொழி ஆசிரியர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. பிஸ்கட் முறிந்து கோப்பைக்குள் விழுந்தது.

"எனக்கா? என்ன கிடைச்சிருக்கு?"

"ஜப்பான்," என்றார் முதல்வர், ஏதோ தன் சொந்த நிலத்தில் ஒரு மூலையை எழுதிக் கொடுப்பவர் போல.

பேசினால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை 'தொலைநோக்கு' என்று சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் முதல்வருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் தொலைநோக்கு. மாடிப்படியில் மூன்று மாதமாக எரியாத விளக்கு மட்டும் அந்த நோக்கில் படவில்லை. ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் இருக்கலாம்.

விஷயம் இதுதான். ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் தொழில் திறனை வளர்க்க ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்கிறது. தேர்வாகும் ஆசிரியரை ஆறு வாரம் ஜப்பானுக்கே அழைத்துப்போய், விமானம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அவர்கள் செலவில் பயிற்சி தருவார்கள். டீச்சர் பதினேழு வருடமாக அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறார். ரயில் நிலையத்தில் எந்தப் பக்கம் வரிசை நிற்பது, விசிட்டிங் கார்டை எப்படி இரண்டு கையாலும் நீட்டுவது, யாருக்கு எவ்வளவு குனிவது என்று எல்லாம் தெரியும். அவர் ஜப்பானுக்குப் போனது மட்டும் இல்லை. முதல் முறை விண்ணப்பிக்கப் போனபோது மகளுக்குப் பள்ளி இறுதித் தேர்வு. இரண்டாம் முறை மாமியாருக்கு இடுப்பெலும்பு. இந்த முறை இடைஞ்சல் எதுவும் இல்லை. ஆனால் நிதிக்கு வயது வரம்பு ஐம்பது. டீச்சருக்கு இன்னும் நான்கு மாதத்தில் ஐம்பது நிறைகிறது. இந்த வண்டியை விட்டால் அடுத்த வண்டி கிடையாது.

வண்டியில் ஏற இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விண்ணப்பிக்கும் நிலையத்தில் ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்கவேண்டும். இருந்தது இரண்டு பேர். டீச்சர் ஒருவர், இன்னொருத்தி வாரத்தில் மூன்று நாள் வரும் பகுதிநேர ஆசிரியை. டீச்சரிடமே படித்து, டீச்சரை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டு, இந்த வேலையை நம்பிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவள்.

"மூணு பேர்தானே? இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று அப்போது தொலைநோக்கு சிரித்தார். "பிரெஞ்சும் வெளிநாட்டு மொழி, ஜப்பானியமும் வெளிநாட்டு மொழி. பிரெஞ்சு சார் பேரைச் சேர்த்துக்கோங்க. மூணு வருஷமா சொல்லிக்கொடுக்கறார்னு பாடப் பொறுப்பாளர் ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சது."

பாடப் பொறுப்பாளர் டீச்சர்தான். போடமாட்டேன் என்று இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் போட்டார். பதினேழு வருடம் விடைத்தாளில் அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போட்டறியாத கை, அன்று பிசகாமல் ஒரு பொய்க்கு அடியில் கையெழுத்துப் போட்டது.

மூவரும் ஆளுக்கொரு சுயமதிப்பீட்டுப் படிவமும் நிரப்பவேண்டியிருந்தது. 'என்னால் செய்தித்தாள் வாசிக்க முடியும்', 'என்னால் மாணவரின் உச்சரிப்பைத் திருத்த முடியும்' என்று முப்பது வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இப்போது' என்று ஒரு கட்டம், 'பயிற்சிக்குப் பிறகு' என்று ஒரு கட்டம். ஒன்றிலிருந்து ஐந்து வரை போடலாம்.

"அக்கா, இப்போதுன்ற இடத்துல எல்லாத்துக்கும் குறைச்சுப் போடுங்க," என்றாள் பகுதிநேர ஆசிரியை. "ஏற்கெனவே எல்லாம் தெரியும்னா எதுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"உச்சரிப்பைத் திருத்தத் தெரியாதுன்னு எழுதச் சொல்றியா? நானா?"

"எழுதினா என்னக்கா, பேனா உடைஞ்சிடுமா?"

டீச்சருக்குக் கை வரவில்லை. கையெழுத்தில் பொய் சொல்லிவிட்டார். மதிப்பெண்ணில் சொல்ல முடியவில்லை. நான்கு, நான்கு, ஐந்து, நான்கு என்று போட்டுக்கொண்டே போனார். பிரெஞ்சு வந்து, "நான் என்ன மேடம் போடறது?" என்று கேட்டபோது, திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "உள்ளதைப் போடுங்க" என்றார்.

பிரெஞ்சு நல்ல மனிதர். உள்ளதைப் போட்டார். 'இப்போது' கட்டத்தில் முப்பது வரிக்கும் ஒன்று; 'பயிற்சிக்குப் பிறகு' கட்டத்தில், நம்பிக்கையோடு, முப்பதுக்கும் ஐந்து.

அறக்கட்டளை பின் கட்டத்திலிருந்து முன் கட்டத்தைக் கழித்து, அதற்கு 'வளர்ச்சி வாய்ப்பு' என்று பெயர் சூட்டி, அதிகம் வந்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதோடு விடவில்லை. 'மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பின்னும், தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்ட இந்த ஆசிரியரின் துணிச்சல் எங்கள் குழுவை நெகிழச் செய்தது' என்று கடிதத்தில் ஒரு பத்தி. தொலைநோக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இரண்டாம் தரம் அவர் குரலே தழுதழுத்தது.

"சார், அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது," என்றார் டீச்சர்.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே! கிளம்பறதுக்கு முன்னாடி அடிப்படை நிலை தேறிட்டார்னு பாடப் பொறுப்பாளர் சான்று தரணுமாம். நாப்பது மணி நேரம் சொல்லிக்கொடுங்க, போதும். ஒரு மொழி தெரிஞ்சவருக்கு இன்னொரு மொழியெல்லாம் லிஃப்ட்ல ஏறற மாதிரி. அப்புறம் அந்த ஆறு வாரம் பிரெஞ்சு வகுப்பையும் நீங்களே பார்த்துக்கணும்."

"எனக்கு பிரெஞ்சு தெரியாது சார்."

"அவருக்கு மட்டும் ஜப்பானியம் தெரியுமா? அவர் தைரியமா கிளம்பலையா? நீங்க அடுத்த வருஷம் போய்க்கலாம் டீச்சர். ஒரு தொலைநோக்கு வேணும்."

அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். அதற்குள் தொலைநோக்கு படியிறங்கிப் போய்விட்டார். இருட்டுப் படியில் ஒருமுறை தடுக்கும் சத்தம் கேட்டது. ஆசிரியர் அறையில் யாரும் எழுந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை டீச்சர் அறக்கட்டளைக்குத் தொலைபேசினார். தேர்வானவர் வரமுடியாவிட்டால் அதே நிலையத்தில் இன்னொருவர் வரலாமா என்று, யாருக்கோ விசாரிப்பது போலக் கேட்டார். எதிர்முனைப் பெண் மிகுந்த மரியாதையோடு, முடியாது, அந்த இடம் வேறு நிலையத்துக்குப் போய்விடும் என்றாள். தவறான தகவல் தந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டுவைத்தார். அந்த நிலையத்திலிருந்து பத்து வருடத்துக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாதாம். "உங்களுக்கு வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். டீச்சர் நன்றி சொல்லி வைத்தார்.

இருந்தும் உணவு இடைவேளையில் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். 'எங்கள் நிலையத்தில் மூன்று ஆசிரியர்கள் இல்லை. சான்றளித்தது நான்' வரை எழுதியாயிற்று. பகுதிநேர ஆசிரியை டப்பாவைத் திறந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பப் போறீங்களாக்கா?"

"நீ என்ன சொல்ற?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? உங்களுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கு." பொரியலைக் கிளறினாள். வாயில் வைக்கவில்லை. "எனக்கு இருபத்தொன்பதுக்கா. பத்து வருஷம்னாலும் முப்பத்தொன்பதுதான். அப்பவும் போகலாம். நீங்க என்னைப் பார்க்காதீங்க."

பார்க்காதே என்றால் எப்படிப் பார்க்காமல் இருப்பது? அடுத்த வருடத்துக்கு அவள் இப்போதே சேர்த்துவைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பு மேசை மேல்தான் கிடந்தது. டீச்சர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

வீட்டில் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அன்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்று தடவை ஏறி இறங்கியிருந்தார், படி வழியாக. டீச்சர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"எங்க அக்காகிட்ட நான் என்ன சொல்றது?" என்றார் கடைசியில். "தலை காய வைக்கிற மெஷின் வாங்கிட்டு வரச் சொல்லு, அங்கதான் நல்லதா கிடைக்கும்னு ரெண்டு மாடல் படம் அனுப்பியிருக்கா."

"பிரெஞ்சு போறார். அவர்கிட்ட உங்க அக்காவையே பேசச் சொல்லுங்க."

"அந்த மனுஷன் ஏற்கெனவே பயந்துபோய் இருப்பார். இன்னும் ஏம்மா பயமுறுத்தணும்?"

டீச்சர் சிரிக்கவில்லை. கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, வெளிய நின்னு 'ரெண்டே நிமிஷம், ரெண்டே நிமிஷம்'னு குரல் கொடுப்போம். ரெண்டு மணி நேரம் ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ஆனா சொல்லியாகணும், இல்லன்னா உள்ள இருக்கறவங்க கதவை உதைப்பாங்க. நீ பதினேழு வருஷமா உனக்கு நீயே 'ரெண்டே நிமிஷம்'னு சொல்லிக்கிட்டு உள்ள உக்காந்திருக்க. நானும் வெளிய நின்னு அதையேதான் சொல்லியிருக்கேன்."

"இப்ப என்ன, கதவை உதைக்கச் சொல்றீங்களா?"

"உதைக்கணும்னா உதை. ஆனா அந்தப் பொண்ணும் அதே லிஃப்ட்லதான் இருக்கா."

டீச்சர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் கழுவும்போது கைப்பைக்குள் இருந்த தாளை எடுத்துக் கிழித்தார். கிழித்ததில் கோபமும் இல்லை, தியாகமும் இல்லை. அலுப்பாக இருந்தது, நாளைக்கு முதல் வகுப்பு எட்டரைக்கு.

பிரெஞ்சுக்கான பாடம் தினமும் மாலை ஐந்து மணிக்கு, காலி வகுப்பறையில் தொடங்கியது. மூன்றாம் நாள் அவர் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், நான் போகலன்னு எழுதிக் கொடுத்துடறேன். ராத்திரி தூக்கமே வரல. உங்க இடம் மேடம் இது. திருடின மாதிரி இருக்கு."

"நீங்க விட்டா எனக்கு வராது. வேற எவனுக்கோ போகும். கேட்டுட்டேன்."

"கேட்டுட்டீங்களா?"

"முதல் வேலையா கேட்டேன். நோட்டைத் திறங்க."

முதல் பாடத்தில் நான்கு வாக்கியங்கள். 'நான் ஆசிரியர்' என்பதை பிரெஞ்சு ஐந்து முறை சொன்னார். ஐந்து முறையும் நாக்கு ஐந்து இடத்தில் இடறியது. அடுத்தது, 'நான் ஆசிரியர் அல்ல.' அதைச் சொன்னார் பாருங்கள், எடுத்த எடுப்பிலேயே, ஒரு பிசிறில்லாமல், பதினேழு வருடமாக டீச்சர் மாணவர்களிடம் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத ஏற்ற இறக்கத்தோடு வந்து விழுந்தது.

டீச்சர் அவரையே பார்த்தார். "இது மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வருது?"

"தெரியல மேடம். மனசுலேர்ந்து வருது போல."

"தயவுசெஞ்சு அங்க போய் இதைச் சொல்லிடாதீங்க."

இருவரும் சிரித்தார்கள். டீச்சர் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முடிந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிரெஞ்சு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"நான் அங்கேர்ந்து உங்களுக்கு என்ன மேடம் கொண்டுவரணும்? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பிறகு பாடப் புத்தகத்தை இழுத்து, ஒன்பதாம் பாடத்தைத் திறந்தார்.

"கடைக்குள்ள நுழைஞ்சா இப்படிச் சொல்லுவாங்கன்னு இங்க போட்டிருக்கு. நிஜமாவே சொல்றாங்களா, இல்ல புத்தகத்துல மட்டுந்தானான்னு கேட்டுட்டு வாங்க. பன்னெண்டாம் பாடத்துல, போன் எடுத்ததும் சொல்ற வார்த்தை. அதை வயசானவங்க மட்டும் சொல்றாங்களா, எல்லாருமேவா? இருபதாம் பாடத்துல ஒரு நன்றி இருக்கு. அதைச் சொல்லும்போது முகம் எப்படி இருக்குன்னு பாருங்க."

அங்கே வேலைக்குப் போய்த் திரும்பி வந்த மாணவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் டீச்சர் போனதே இல்லை என்று தெரிந்துவிடும். இவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

பிரெஞ்சு எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு, கவலையோடு நிமிர்ந்தார்.

"அவங்க சொன்னா எனக்குப் புரியணுமே மேடம்."

"அதுக்குத்தான் இன்னும் முப்பத்தேழு மணி நேரம் இருக்கு," என்றார் டீச்சர். "முதல் வரி. சொல்லுங்க."